வெள்ளாம்பாறை இளவரசி

கத்தரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பனியனின் கழுத்திலும் கையிலும் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டி, வெட்டின பீஸை இடப்பக்கம் போட வேண்டும். எங்கள் திருப்பூரில் இதற்குப் பிசிறு வெட்டுவது என்று பேர். கண் அதில் இருந்தால் போதும். காது சும்மாதான் இருக்கும். அப்படிச் சும்மா இருந்த காதில் விழுந்தது இது.

அதே அறையில் நங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மேகலா என்று பேர். மற்ற நாளில் பனியனில் அடிக்கிற படங்களை வரைந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் ராஜா விளையாட்டு.

விளையாடுவது இல்லை. செய்வது.

எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டில் யாரோ செய்து விற்கிற விளையாட்டு அது. உள்ளே அவர்கள் ஊர்க் கோட்டை, அவர்கள் ஊர்ப் பிரபுக்கள். அதைப் பிரித்து, அந்தக் காலத்தில் நம் பக்கம் இருந்திருக்கக்கூடிய வேளிர் வீடுகளை உள்ளே வைக்கிறார்கள். ரெடிமேட் ரவிக்கையைப் பிரித்து நம் அளவுக்குத் தைத்துக்கொள்கிற மாதிரி. அதை மாட் என்கிறார்கள். விற்பதற்கு இல்லை. வேண்டியவர்கள் எடுத்து விளையாடலாம்.

அந்த விளையாட்டில் ராஜா செத்தால் ஆட்டம் முடியாது. அவன் மகனாக நாம் ஆகிவிடுவோம். மகன் போனால் பேரன். இப்படி முந்நூறு வருஷம் போகும். சாகச் சாக விளையாடுவது என்ன விளையாட்டு என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

சென்னியப்பன் அண்ணன் முதல் தடவை வந்தபோது கையில் கொய்யாப்பழம் இருந்தது. தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். வயது ஐம்பதைத் தொடும். அதுவரை நங்கையோடு எழுத்தில் மட்டும்தான் பழக்கம். இந்த மாட் செய்கிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அதில் நங்கைக்கு ஆசான் என்று பேர். வந்தவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆசானுங்களா?" என்றார்.

"வண்டியை ஒழுங்கா ஸ்டாண்டு போடறதுக்கே நான் ஆசான் இல்லீங்க. அக்கா! உனக்கு ஒரு சிஷ்யன் வந்திருக்காரு பாரு!"

நங்கையைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தாடி வச்ச பெரியவரா இருப்பாருன்னு நெனச்சனுங்க."

"தாடி வளத்தறதுக்கு நேரமில்லீங்கண்ணா. உள்ள வாங்க."

எங்கள் பக்கத்தில் தன்னைவிடச் சின்னவளாக இருக்கிற எந்தப் பெண்ணையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் கூப்பிட மாட்டார். நங்கையைக் கடைசிவரை ஆசான் என்றார். என்னைத் தங்கச்சி என்றார். என் குழந்தையின் தொட்டில் தொங்குகிற பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார்.

அவருக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயது. இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. குழுவில் இருந்து அவரை அனுப்பி வைத்த ஆள் போனில் நங்கையிடம் சொல்லியிருந்தார். நாங்களும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

வந்த கொஞ்ச நாளில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆசானுங்க, இந்த ஆட்டம் எதுக்குங்க இத்தன கொழந்தைகளைக் கொல்லுது?"

"அந்தக் காலத்துல அப்படித்தானுங்கண்ணா. பொறந்ததுல பாதிதான் நின்னுது."

"கொறைக்க முடியுமுங்களா?"

"முடியும். ஒரு நம்பருதான்."

நங்கை அந்த நம்பர் இருக்கிற இடத்தைத் திறந்து காட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் சைபர் போட்டார்.

"ஒண்ணு கூட வேண்டாமுங்க."

"சரி. ஓட விடுங்க."

யாரும் விளையாடாமல் ஆட்டம் தானே ஓடுகிற மாதிரி விட்டுவிட்டு, நங்கை என்னை டீ போடச் சொன்னார். நான் டீயோடு வரும்போது திரையில் அறுபது எழுபது வருஷம் போயிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்பது பையன், பத்துப் பையன். பிறந்த பிள்ளை எல்லாம் நின்றிருந்தது. ஒரு கோட்டையை ஏழு பேர் பங்கு போட்டிருந்தார்கள். அண்ணன் தம்பிக்கு விஷம் வைத்திருந்தான். சித்தப்பன் அண்ணன் மகனைக் கிணற்றில் தள்ளியிருந்தான்.

சென்னியப்பன் அண்ணன் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு பார்த்தார்.

"காய்ச்சல்ல தப்பிச்சதெல்லாம் கத்தியில போயிருச்சுங்களே."

"டீ ஆறுதுங்கண்ணா," என்றார் நங்கை.

அவர் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பழைய நம்பரைத் தன் கையாலேயே திரும்பப் போட்டார். இரண்டே இரண்டு இலக்கம். அதைப் போட அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எழுதினார். வீடுகளின் கதை, சண்டைக்குக் காரணம், சீர்வரிசை, கன்று போட்ட மாடு வரைக்கும் எழுதினார். துக்கச் சேதி முழுக்க அவர் எழுதினதுதான். ஆட்டத்தில் யாராவது இறந்தால் திரையில் ஒரு ஓலை விரியும். கீழே இரண்டு பட்டன் இருக்கும். ஒன்று, அழு. இன்னொன்று, அடக்கிக்கொள். எதை வேண்டுமானாலும் அழுத்தலாம். குழந்தைகளுக்கு வருகிற ஓலையில் மட்டும் ஒரே பட்டன் வைத்திருந்தார்.

"இது ஏனுங்கண்ணா ஒண்ணுதான் இருக்கு? மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க. சின்னதுங்களுக்கு அடக்கிக்கத் தெரியாதுங்க."

நங்கை அதை மாற்றவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். முன்கூட்டி விளையாடிப் பார்க்கச் சில பையன்களிடம் கொடுத்தார்கள். ஈரோட்டுப் பையன் ஒருவன், மலேசியாவில் இரண்டு பேர், இப்படி. எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள். சென்னியப்பன் அண்ணன் எழுதின வெள்ளாம்பாறை வீடு நகர மாட்டேன் என்கிறது. மற்ற ஆறு வீட்டிலும் ராஜா மாறுகிறான். இந்த வீட்டில் மட்டும் முந்நூறு வருஷமும் ஒரே ஆள். கல்யாணம் இல்லை, வாரிசு இல்லை. அந்த வீட்டை எடுத்தவன் அப்படியே மாட்டிக்கொள்கிறான்.

நங்கை அந்த வீட்டைத் திறந்து பார்த்தார். ராஜசிங்க வேள், வீரமாணிக்க வேள், பெரியநாச்சி தேவி என்று நீள நீளமாகப் பேர். அதற்கு நடுவில் ஒரு பெண். பேர், அம்மிணி. அவ்வளவுதான். வயது, ஆறு. அதற்குக் கீழே ஒரு வரி. சாகா வரம்.

அந்த விளையாட்டில் தெய்வங்களுக்கும் முனிவர்களுக்கும் மட்டும் கொடுக்கிறதாம் அந்த வரம். அதைக் கொடுத்தால் சாவு வராது. கொடுத்த அன்றைக்கு இருந்த வயது அப்படியே நின்றுவிடும்.

அவள் முகத்தையும் சென்னியப்பன் அண்ணனே வரைந்திருந்தார். இரட்டைச் சடை. ஒரு பக்க ரிப்பன் மட்டும் அவிழ்ந்து தொங்கிற்று. ராஜா காலத்தில் ஏது ரிப்பன்?

நங்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிவிட்டார். குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் ஈரோட்டுப் பையனும் அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு என்ன தெரியும்? "யாருங்க அந்த அம்மிணி? முந்நூறு வருஷமா ஒண்ணாங்கிளாஸ்லயே ஃபெயிலா?" என்று எழுதிவிட்டான். எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். சென்னியப்பன் அண்ணன் அதைப் படித்துவிட்டார் என்று அடையாளம் காட்டிற்று. பதில் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பழம் எதுவும் கொண்டுவரவில்லை.

"வெள்ளாம்பாறைல என்னமோ சிக்கியிருக்குதுங்கண்ணா," என்றார் நங்கை.

"தெரியுமுங்க."

"பசங்க வெளயாட முடியலைங்கறாங்க."

"ஏழு வீட்ல ஒரு வீடுங்க. அந்த வீட்ட மட்டும் எடுக்காதீங்கன்னு எழுதிப் போட்டுரலாமுங்க."

"போடலாம்."

"அது பாட்டுக்கு ஒரு மூலைல இருந்துட்டுப் போகட்டுமுங்க. ஆருக்கு என்ன தொந்தரவு?"

அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு அந்த நம்பரை நானே திரும்பப் போட்டனுங்க. பாத்துட்டுத்தான இருந்தீங்க. எல்லாக் கொழந்தைக்கும் போட்டன். ஊர்ல இருக்கற அத்தன கொழந்தைக்கும் நானே போட்டன். ஒரே ஒண்ணுங்க. ஒரே ஒரு கொழந்த சாகாம இருந்தா என்னங்க கொறஞ்சு போகும் ஆசானுங்க?"

நான் தலையைத் தூக்கவில்லை. வெட்டின பீஸையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

நங்கை எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கண்ணா. வெளயாடுங்க."

"எந்த வீடுங்க?"

"வெள்ளாம்பாறை."

"ஆரா வெளயாடறது?"

"அவளா."

அவர் உட்கார்ந்தார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. அவர் எழுதின சின்னச் சின்ன விஷயங்கள் வந்தன. அப்பா தோளில் ஏற்றித் தேர் காட்டினார். அம்மா எள்ளுருண்டை கொடுத்தாள். கன்றுக்குட்டிக்கு என்ன பேர் வைக்கலாம் என்று ஆட்டம் கேட்டது. அவர் ஒரு பேரை அடித்தார். எனக்கு அது தெரியவில்லை. ஆனால் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஓலை விரிந்தது. வெள்ளாம்பாறை சென்னி வேள் காலமானார். உன் தந்தை.

"இது நானுங்க," என்றார். "என் பேரைத்தான் வச்சிருந்தன். நான் முன்னாடியே போயிட்டன் பாருங்க. அதுதானுங்க நாயம்."

ஓலையின் கீழே ஒரே பட்டன். அழு.

அவர் அழுத்தினார்.

அவள் இப்போது அந்த வீட்டுக்கு அரசி. ஆறு வயது அரசி. காரியம் பார்க்க மாமன் ஒருவனை ஆட்டமே நியமித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஓலை. உன் தாய்.

அவர் கை மவுஸ் மேலேயே நின்றது. "இவ தாங்க மாட்டாளுங்க. அம்மா மடியில படுத்தாத்தான் தூக்கம் வரும்."

"அழுத்துங்கண்ணா. அப்பத்தான் ஆட்டம் நகரும்."

அழு.

கன்றுக்குட்டி போயிற்று. அதற்கும் ஓலை எழுதி வைத்திருந்தார். அழு. தம்பி போனான். தூக்கி வளர்த்த செவிலி போனாள். மாமன் போனான். மாமன் மகன் வந்தான், அவனும் போனான். மேலே வருஷம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் மாறவே இல்லை. இரட்டைச் சடை. அவிழ்ந்த ரிப்பன். வயது, ஆறு. ஒவ்வொரு ஓலைக்கும் ஒரே பட்டன்.

அழு. அழு. அழு.

அவள் படத்துக்குப் பக்கத்தில் மனபாரம் என்று ஒரு பட்டை உண்டு. ஒவ்வொரு அழுகைக்கும் அது கொஞ்சம் நிறையும். பெரியவர்களுக்கு நிறைந்துவிட்டால் படுத்துவிடுவார்கள். அதிலேயே போய்விடுகிறவர்களும் உண்டு. இவளால் போகவும் முடியாது. பட்டை நிறைந்து, கட்டத்தைத் தாண்டி, பக்கத்தில் இருந்த எழுத்தின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"இது தப்பா வருதுங்க," என்றார் அவர். "இப்படி வெளிய வரக் கூடாது."

"அதுக்கு மேல இடம் வைக்கலீங்க. இத்தன நாள் யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பட்டையையே பார்த்தார்.

"இப்ப இவள ஆருங்க பாத்துக்கறது?"

நங்கை திரையைத் தொட்டுக் காட்டினார். யாரோ ஒருவன் பேர் இருந்தது.

"இவன் ஆரு? இவன நான் எழுதவே இல்லீங்களே."

"ஆட்டமே பொறக்க வச்ச ஆளுங்க. நீங்க எழுதுன ஆளுக யாரும் இப்ப அங்க இல்ல. அவ ஒருத்திதான்."

"இவளுக்குத் தல பின்னி விடறதுக்காவது..."



இன்னொரு ஓலை விரிந்தது. யாருக்கு என்று அவர் படிக்கவில்லை. மவுஸில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுத்தலீன்னா என்னங்க ஆகும்?"

"ஆட்டம் நிக்கும். அவ அந்தச் சேதியோட அப்படியே நிப்பா."

"அழுத்துனா?"

"அடுத்தது வரும். இன்னும் பாதி ஆட்டம் இருக்குதுங்கண்ணா."

"போதுமுங்க," என்றார். "போதுமுங்க ஆசானுங்க. வாரிக் குடுத்தப்பக்கூட நான் இப்படி..." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. துண்டு மட்டும் அசைந்தது.

எனக்கு எழுந்து தண்ணீர் கொடுக்க வேண்டும் போல இருந்தது. எழுந்தால் அவர் பார்த்துவிடுவாரே என்று உட்கார்ந்திருந்தேன்.

நங்கை ஆட்டத்தை நிறுத்தினார். அந்த வீடு எழுதியிருக்கிற பக்கத்தைத் திறந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சாகா வரம் என்கிற அந்த வரிக்குப் பக்கத்தில் கோடு ஒன்று மினுக்கி மினுக்கி நின்றது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நீங்களே எடுத்துருங்க ஆசானுங்க. நான் வெளிய போய் நின்னுக்கறேன்."

"நான் எடுக்க மாட்டேங்கண்ணா."

"உங்களுக்கு ஒரு பட்டன்தானுங்க."

"அது நான் எழுதுன வரி இல்லீங்க."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்னு விட்டா?"

"விட்டா இருக்கும். நீங்க சொன்ன மாதிரி ஒரு மூலைல இருக்கும். உங்க வீடு, உங்க புள்ள. வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் நங்கையின் முகத்தைப் பார்த்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரிப் பார்த்தார். நங்கை திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே தெருவில் யாரோ பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று கூவிக்கொண்டு போனான்.

"அவங்கம்மாவுக்கு இது தெரியாதுங்க," என்றார் அவர். "இங்க வந்தா இவ இருக்கான்னு எனக்கு ஒரு இது. ஞாயித்துக்கிழம ஆனா வந்து பாத்துட்டுப் போவன். நீங்க அந்தப் பக்கம் திரும்புனா ஒரு தடவ தொறந்து பாப்பன். அப்படியே இருப்பா."

"தெரியுமுங்கண்ணா."

"தெரியுமா?"

"நீங்க மூடறப்ப மெதுவா மூடுவீங்க. தூங்கற புள்ள அறைக் கதவச் சாத்தற மாதிரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துட்டா..." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். "இந்த வரிய எடுத்துட்டா, அவ எத்தன நாளைக்குங்க இருப்பா?"

"தெரியாதுங்கண்ணா. மத்த எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான்."

"நாளைக்கே காய்ச்சல் வரலாமுங்களா?"

"வரலாம்."

"ஒரு வருஷத்துல?"

"வரலாம்."

"அப்பறம் என்ன தைரியத்துலங்க நான் எடுக்கறது?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். "சொல்லுங்க. எடுத்தா என்னங்க கெடைக்கும் அவளுக்கு?"

நங்கை அவர் பக்கம் திரும்பினார்.

"ஏழு வயசு ஆனாலும் ஆகுமுங்கண்ணா."

திரையில் அந்தக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் வலது கை மடியில் இருந்து எழுந்து, டெலீட் பட்டன் மேல் போய் நின்றது. விரல் வைத்தபடியே இருந்தார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கழுத்தை நீட்டினேன். அப்போது பார்த்துக் கீழ் வீட்டிலிருந்து என் மாமியார், "கஸ்தூரீ, கம்பெனி வண்டி வந்து நிக்குது, பீஸக் கட்டி எறக்கு வா" என்று கூப்பிட, நான் பீஸை வாரிக்கொண்டு, அந்த விரல் அழுத்திற்றா இல்லையா என்று பார்க்காமலே படி இறங்கினேன்.